நூற்றொரு கோடியும் எலும்பின் துளையும்

அண்மையில் அண்டை மாவட்டக் கல்லூரி ஒன்றில் நிகழ்ந்த கருத்தரங்கிற்குச் சென்றிருந்தோம். ‘பக்தி இலக்கியத்தில் அறிவியல்’ என்பது பொருள். உரையாற்றியவர் திரையில் ஒரு படத்தைக் காட்டினார். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி எடுத்து 2022 ஜூலையில் வெளியான படம். படத்துக்குப் பக்கத்தில் திருவாசகத்தின் திருவண்டப்பகுதித் தொடக்க அடிகள். தொலைநோக்கி பிறப்பதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே எங்கள் மணிவாசகர் விண்மீன் மண்டலங்களை எண்ணிவிட்டார் என்று அவர் முழங்கியதும் அரங்கம் அதிர்ந்தது. நாமும் கை தட்டினோம். மறைப்பானேன்? அந்தக் கைத்தட்டலுக்கான கழுவாயாக இதனைக் கொள்ளலாம்.

முதலில் அந்தப் படத்தைப் பற்றிச் சில சொற்கள். கையை நீட்டி, விரல் நுனியில் ஒரு மணல் துகளைப் பிடித்தால் அது வானத்தில் எவ்வளவு இடத்தை மறைக்குமோ, அவ்வளவு இடந்தான் அப்படத்தில் இருப்பது. அந்தத் துகளளவு வானத்துக்குள் ஆயிரக்கணக்கான விண்மீன் மண்டலங்கள். நடுவில் தெரியும் மண்டலக் கூட்டத்தின் ஒளி புறப்பட்டு ஏறத்தாழ 460 கோடி ஆண்டுகள் ஆகின்றன. நம் கதிரவனே அப்பொழுதுதான் உருக்கொண்டிருந்தது. பின்னால் மங்கலாகத் தெரிவன அதனினும் பழையன. இதைப் பார்த்த எவரும் முதலில் வாயடைத்து நிற்பர். வாயடைத்து நிற்பதுதான் முறையும்கூட. நம் பேச்சாளர் நின்றாரல்லர். நேரே வெற்றி முரசு கொட்டத் தொடங்கிவிட்டார்.

அவர் கொட்டிய முரசின் தோல் எவ்வளவு உறுதியானது என்று பார்ப்போம். பாடல் சொல்லும் எண் நூற்றொரு கோடி. அதற்கும் மேற்பட்டது என்பது பாடலின் கூற்று. கண்ணுக்கெட்டும் பேரண்டத்தில் இரண்டு இலட்சம் கோடி மண்டலங்கள் இருக்கலாம் என்று 2016-இல் ஒரு கணிப்பு வந்தது. நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் அளந்த வான்வெளி இருளைக் கொண்டு 2021-இல் வந்த ஆய்வு, இல்லை, சில பத்தாயிரம் கோடிகளே என்று குறைத்தது. குறைத்த கணக்கை எடுத்துக்கொண்டாலும் மணிவாசகர் நூறு மடங்குக்கு மேல் தவறிவிட்டார் என்றாகிறது. ‘அதற்கும் மேல் என்றுதானே பாடினார்’ என்று தப்பிக்கலாம். எந்த எண் வந்தாலும் பொய்யாகாத ஒன்று அறிவியல் செய்தி ஆகாது. பத்துக்கு மேல் என்று சொல்லியிருந்தாலும் அது இன்றும் மெய்யாகவே இருந்திருக்கும்!

அதைவிடப் பெரிய பிழை சொல்லில் இருக்கிறது. தமிழ் படித்த நாம் இதற்காகவேனும் வெட்கப்பட வேண்டும். ‘அண்டம்’ என்பதற்கு முட்டை என்று பொருள். புராண மரபில் ஓர் அண்டம் என்பது பதினான்கு உலகங்களையும் தன்னுள் அடக்கிய முட்டை வடிவான முழுமை. அதனை விண்மீன் மண்டலம் என்று பெயர்ப்பதற்கு எந்த உரைமரபும் இடந்தரவில்லை. மேடைக்கு மட்டுமே அந்த உரிமை இருக்கிறது போலும். அடிகளை அறிவியலாளராக்கித் தேர்வெழுத வைத்து, அவரைத் தோற்கச் செய்து, அந்தத் தோல்விக்குக் கை தட்டியிருக்கிறோம்.

இதனை வெறும் புலமைக் குற்றமாகக் கருதினால் பேசாதிருந்திருப்போம். இதன் கேடு வேறிடத்தில் இருக்கிறது.

நம் முதுகலை வகுப்பில் ஒரு மாணவி இருக்கிறார். தந்தைக்குச் சிறுநீரகம் பழுது. வாரம் இருமுறை டயாலிசிஸ். அந்த நாள்களில் அவர் வகுப்புக்கு வருவதில்லை. திருவண்டப்பகுதியின் தொடக்கத்தை நடத்தி, எத்தனையோ அண்டங்களும் இறைவன் பெருமைக்கு முன்னால் வீட்டுக்குள் நுழையும் வெயிற்கதிரில் மிதக்கும் தூசுபோல் ஆகும் என்ற உவமையை விளக்கி முடித்தபோது அவர் எழுந்தார். “ஐயா, இவ்வளவையும் வெச்சிருக்கிறவருக்கு எங்க அப்பாவைத் தெரியுமா?”

மணி அடித்தது. அந்த மணிக்கு நாம் நன்றியுடையவராயிருந்தோம் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

அந்தப் பெண்ணுக்குக் கருத்தரங்க முழக்கம் என்ன விடை வைத்திருக்கிறது? முன்னோர் முன்னரே சொல்லிவிட்டனர் என்பது நம் இனப் பெருமிதத்துக்கு மருந்தாகலாம். அவர் கேட்டது அதுவன்று. பேரண்டத்தின் விரிவு ஒரு நம்பிக்கையாளனிடம் வைக்கும் கேள்வி கூர்மையானது. அதைக் கேள்வியாகவே கேட்க விடாமல் அடைத்துவிடுவதுதான் இத்தகைய உரைகளின் உண்மையான பயன்.

எதிர்த்தரப்புக்கு வருவோம். இயற்பியல் துறையில் நமக்கொரு நண்பர் உண்டு. தேர்ந்த பகுத்தறிவாளர், நல்ல மனிதர். அவர் வாதம் எளியது. வானம் கூரைபோல் தாழ்ந்திருந்த காலத்தில் அதற்கு மேலே கடவுளை உட்கார வைக்க முடிந்தது. இன்று 1,380 கோடி ஆண்டு வயதும், கண்ணுக்கெட்டும் அளவிலேயே 9,300 கோடி ஒளியாண்டு குறுக்களவும் உடைய வெளியில், ஒரு சாதாரண மண்டலத்தின் ஓரத்தில், ஒரு சாதாரண விண்மீனைச் சுற்றும் துகளில் இருந்துகொண்டு, இவ்வளவையும் படைத்தவன் என் வேண்டுதலைக் கேட்கிறான் என்பது நகைப்புக்குரியது என்பார். 1990 பிப்ரவரி 14 அன்று வாயேஜர் 1 ஏறத்தாழ 600 கோடி கிலோமீட்டர் தொலைவிலிருந்து எடுத்த புவியின் படத்தை, ஒளிக்கற்றை ஒன்றில் மாட்டிய புள்ளியாக நாம் தெரியும் அதே படத்தை, அவர் தம் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறார்.

இந்த வாதத்தின் முதற்பாதி வரலாற்றுப்படி தவறு. வானத்தோடு ஒப்பிட்டால் புவி வெறும் புள்ளியே என்று கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் தாலமி தம் வானியல் நூலில் எழுதிவிட்டார். அந்நூலைத்தான் ஐரோப்பாவும் அரபுலகமும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகள் பாடநூலாக வைத்திருந்தன. ஆறாம் நூற்றாண்டில் சிறையிலிருந்த போயீத்தியசு, புகழின் அற்பத்தனத்தைக் காட்ட அதே செய்தியை எடுத்தாண்டார். நம் புராணங்களோ கோடிகளுக்குக் குறைந்து பேசுவதே இல்லை. புவி சிறிது என்பதை அறிந்துகொண்டேதான் அவர்களெல்லாம் வழிபட்டனர். இருபதாம் நூற்றாண்டு புதிதாகத் தந்தவை அளவும் சான்றும். அவை பெருங்கொடைகள். ஆயினும் ‘சிறிய வானம் பெரிதானதால் கடவுள் செத்தார்’ என்ற கதை நிகழ்ந்ததன்று.

வாதத்தின் மறுபாதியில்தான் சுவையான செய்தி இருக்கிறது. நண்பர் மறுக்கும் கடவுள் யார்? மாவட்ட ஆட்சியரைப் போன்ற ஒருவர். திங்கட்கிழமைதோறும் மனு வாங்குகிறார். பத்து மனு வந்தால் படிப்பார். ஆயிரம் வந்தால் உதவியாளரிடம் தள்ளுவார். கோடி வந்தால் கட்டிடத்தின் பின்வாசல் வழியே போய்விடுவார். ஆட்சி எல்லை விரிய விரியக் குடிமகன் ஒவ்வொருவர் பங்கும் சுருங்கும். இப்படிப்பட்ட கடவுளைப் பேரண்டத்தின் விரிவு கொன்றுவிடும் என்பதில் நமக்கும் ஐயமில்லை, கொல்லட்டும். வேடிக்கை என்னவென்றால், கருத்தரங்கப் பேச்சாளரின் கடவுளும் இதே ஆட்சியர்தான். அவருக்கு மாவட்டங்களின் எண்ணிக்கை கூடக் கூடப் பெருமை கூடுகிறது, அவ்வளவே. பரப்பளவைக் கொண்டு ஒருவர் போற்றுகிறார், ஒருவர் தூற்றுகிறார்.

இவ்விடத்தில் பெல்சிய நாட்டவரான ஜார்ஜ் லெமைத்ர் என்பாரை நினைக்கிறோம். கத்தோலிக்கக் குரு, லூவேன் பல்கலைக்கழகப் பேராசிரியர். பேரண்டம் விரிகிறது என்று 1927-இல் எழுதியவர். 1931-இல் அதற்கொரு தொடக்கம் இருந்திருக்க வேண்டுமென்ற கருத்தை முன்வைத்தவர். பெருவெடிப்புக் கொள்கையின் வேர் அங்கே. 1951 நவம்பரில் போப் பன்னிரண்டாம் பயஸ், வத்திக்கான் அறிவியல் கழகத்தில் ஆற்றிய உரையில், இப்புதிய வானியல் படைப்புக்குச் சான்று பகர்கிறது என்ற பொருள்படப் பேசினார். ஒரு குருவுக்கு இதைவிட மகிழ்ச்சி வேறென்ன வேண்டும்? லெமைத்ர் மகிழவில்லை. தம் கொள்கை சமய வினாக்களுக்குப் புறம்பானது என்பதில் அவர் உறுதியாயிருந்தார். தம் தலைமைக் குருவே அதைத் தொழுகைக்குச் சான்றாக எடுப்பது அவருக்குச் சங்கடமாகவே இருந்தது. போப் மீண்டும் அவ்வாறு பேசாதிருக்க முயன்றவர்களுள் அவரும் ஒருவர். நாளை கொள்கை மாறினால் கடவுளும் மாற வேண்டுமே! தம் கையாலேயே கண்டதைத் தம் கடவுளுக்கு முட்டுக்கொடுக்கப் பயன்படுத்தாத அந்த நேர்மையில் நூற்றில் ஒரு பங்கு நம் மேடைகளில் இருந்திருந்தால், நாம் இதை எழுத நேர்ந்திராது.

அப்படியென்றால் திருவண்டப்பகுதி எதைத்தான் சொல்கிறது? 182 அடிகள் கொண்ட அகவல் அது. மேடைகள் முதல் ஆறு அடிகளோடு இறங்கிவிடுகின்றன. பாடலோ அங்கு நிற்பதில்லை. அண்டங்களில் தொடங்கி, ஞாயிற்றின் ஒளிக்கும் திங்களின் தண்மைக்கும் வந்து, மழைக்கும் உழவுக்கும் இறங்கி, முடிவை நெருங்குகையில் ஒரு மனித உடலுக்குள் புகுந்துவிடுகிறது. மயிர்க்கால்களுக்குள், எலும்பின் துளைகளுக்குள் இன்பம் ஏறுவதைப் பாடுகிறது. நூற்றொரு கோடிக்கும் எலும்புத் துளைக்கும் இடையில் எங்கும், பெரியவன் ஆகையால் தொலைவில் இருக்கிறான் என்ற எண்ணம் எழவில்லை. அண்டத்தைத் தூசாக்கும் உவமை அண்டத்தை இழிப்பதற்கும் வந்ததன்று. அளவு என்பதே அவன் முன்னால் பொருளிழக்கும் என்பதற்கு வந்தது. அளவு பொருளிழந்தால் சிறுமையும் பொருளிழக்கும். பெரியதொன்றைக் கவனிக்கச் சிறியதொன்றைக் கைவிட வேண்டிய நெருக்கடி மனு வாங்குபவர்க்கே உண்டு.

இவ்வளவும் சொல்லி வெற்றி கொண்டாடிவிடலாம். ஆனால் நம் வீட்டுக்குள் ஒரு முள் கிடக்கிறது. அதையும் எடுத்துப் பார்க்க வேண்டும். சைவ சித்தாந்தம் இறைவன் ஒன்றுமின்மையிலிருந்து உலகைப் படைத்தான் என்று கொள்வதில்லை. குயவனுக்கு மண்போல் அவனுக்கு மாயை. பதி, பசு, பாசம் மூன்றும் தொடக்கமற்றவை. ஆகவே தொடக்கம் இருந்ததா, இல்லையா என்ற வானியல் வழக்கு நம்மைப் பெரிதும் வருத்தாது. வருத்துவது வேறு. உடலும் கருவியும் உலகமும் நுகர்ச்சியும் உயிர்கள் மலம் நீங்கிப் பக்குவப்படும் பொருட்டுத் தரப்பட்டவை என்கிறோம். உலகம் உயிருக்காக. நன்று. மனித இனமே தோன்றாதிருந்த ஆயிரங்கோடி ஆண்டுகள் யாருக்காக? எவரும் காணாது எரிந்து அணைந்த விண்மீன்கள் யாருடைய பக்குவத்துக்காக?

விடைகள் இல்லாமலில்லை. நம் உடலின் கரியும் உயிர்வளியும் விண்மீன்களின் உள்ளே வெந்து வந்தவை. அது வேகப் பன்னூறு கோடி ஆண்டுகள் வேண்டும். விரியும் பேரண்டம் அவ்வளவு பழையதானால் இவ்வளவு பெரிதாகவே இருந்தாக வேண்டும். எனவே இந்த விரிவு வீண் என்று நண்பர் சொல்வது சரியன்று. ஒரு குவளை நீருக்கும் இந்த வெளி முழுதும் தேவைப்பட்டிருக்கிறது. மேலும், உயிர்கள் எண்ணிறந்தன என்றே சித்தாந்தம் சொல்கிறது. அவை மனிதரோடு முடிவன அல்ல. வேற்று விண்மீன்களைச் சுற்றும் கோள்களில் உறுதி செய்யப்பட்டவை 2022-இலேயே 5,000-ஐக் கடந்துவிட்டன. அங்கே உயிர் உண்டா என்பதற்கு இன்றுவரை சான்றில்லை. சான்று வரும் என்று நம்பிக் கட்டும் வீடு மறுபடியும் மேடைப்பேச்சாகிவிடும். ஆகவே நாம் வந்து சேர்ந்த இடத்தைச் சொல்லிவிடுகிறோம். உலகம் உயிர்களுக்காக என்பதை ‘நமக்காக’ என்று சுருக்கிப் படித்துக்கொண்டிருந்தோம். அந்தப் படிப்பைக் கைவிட வேண்டியதுதான். அதனோடு சேர்த்துக் கடவுளையும் கைவிட வேண்டும் என்று நண்பர் கூறுவார். அதற்கு அவர் காட்டும் காரணம் அளவு ஒன்றுதான் என்றால், அது போதாது.

மாணவியின் கேள்வி இவற்றுள் எதனாலும் தீரவில்லை என்பதையும் அறிவோம். அது அண்டத்தின் பெருக்கத்தால் பிறந்த கேள்வியன்று. ஒற்றை விளக்கெரியும் சிற்றூரில், நோயாளியின் கட்டிலருகே, தொலைநோக்கி இல்லாக் காலத்திலும் அது கேட்கப்பட்டிருக்கும். அதனை அளவின் கேள்வியாக மாற்றி, ‘தெரியாது’ என்று நண்பரும் ‘எங்களுக்கு முன்னரே தெரியும்’ என்று பேச்சாளரும் கூறுவது இரண்டுமே அதிலிருந்து தப்புவதாகும்.

அடுத்த வாரம் எஞ்சிய அடிகளை நடத்தினோம். அன்று அவர் வந்திருந்தார். அவரையே வாசிக்கச் சொன்னோம். எலும்பின் துளைகள் பற்றிய இடம் வந்ததும் நிறுத்தினார்.

“ஐயா, இந்த எற்புங்கிறது எலும்புதானே?”

“ஆமாம்மா. என்பு, எலும்பு.”

“அப்பாவுக்கு இப்ப எலும்பு வலிதான் ரொம்ப.”

வகுப்பு அமைதியாயிருந்தது. சற்றுப் பொறுத்து, அந்த அடியைத் தொடக்கத்திலிருந்து மறுபடி ஒருமுறை அவரே வாசித்தார்.