தலைப்புக் கொடுத்தால் கட்டுரை வருமா?

கல்லூரித் தேர்வுத்தாளின் கடைக்கோடியில் கட்டுரை வினா ஒன்று காலங்காலமாகக் குடியிருந்து வருகிறது. நாட்டுப்பற்று, சுற்றுச்சூழல், அறிவியலின் ஆக்கமும் அழிவும் என ஒன்றோடொன்று உறவில்லாத மூன்று தலைப்புகளை நீட்டி, ஏதேனும் ஒன்று பற்றி எழுதுக என்பர். மாணவனும் முன்னுரை, பொருளுரை, முடிவுரை என மூன்று அறைகளைக் கட்டி, வழிகாட்டி நூலில் மனனம் செய்தவற்றை அவற்றுள் கொட்டிவிட்டு எழுந்து போகிறான். மதிப்பெண்ணும் கிடைத்து விடுகிறது. இதனைக் கொண்டு எழுதக் கற்பித்துவிட்டோம் என்று சொல்ல நமக்கு நா எழுவது எங்ஙனம்?

நீந்தத் தெரிந்தவனா என்று பார்க்க ஒருவனைக் கிணற்றில் தள்ளிப் பார்க்கலாம். தள்ளுவதற்கே நீச்சற் பயிற்சி என்று பெயரிட்டால் ஊரார் நகைப்பர். தலைப்புக் கொடுப்பது தள்ளிப் பார்க்கும் வேலை. கற்பிக்க வேண்டுமாயின் வாசிப்பையும் எழுத்தையும் படிப்படியாக அடுக்க வேண்டும். இன்று எழுதியது நாளைய வாசிப்புக்கு வாயிலாதல் வேண்டும்; நாளை வாசித்தது இன்று எழுதியதைத் திரும்பிப் பார்க்கச் செய்தல் வேண்டும். இதுவே நமது வாதம்.

இது ஆகாத காரியம் என்போர் அமெரிக்க நாட்டில் நடந்ததைச் சற்றே நோக்குக. ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் தியடோர் பேர்ட் என்னும் பேராசிரியர் 1938 முதல் 1966 வரை முதலாண்டு மாணவர்க்கான எழுத்துப் பாடத்தை இம்முறையில் நடத்தினார். ஒரு கேள்வியிலிருந்து மறு கேள்வி பிறக்குமாறு பயிற்சிகள் தொடுக்கப்பட்டன. மாணவர் எழுதிய தாள்களே படியெடுக்கப்பட்டு வகுப்பின் பாடமாயின. பின்னர், பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் டேவிட் பார்த்தலமே, அந்தோனி பெட்ரோஸ்கி என்னும் இருவர் தாம் வகுத்த பாடத்தை விளக்கி 1986இல் நூலொன்று வெளியிட்டனர். வளரிளம் பருவமே அப்பாடத்தின் பொருள். மாணவர் தம் வாழ்வின் மாற்றங்களை முதலில் எழுதுவர். அவர்கள் எழுதிய தன்வரலாறுகள் ஒரு புத்தகமாகத் தொகுக்கப்படும். அதனைப் பயின்று, அப்பருவம் பற்றித் தமக்கென ஒரு கொள்கையை அவர்களே வகுப்பர். அறிஞர் நூல்கள் அதன் பின்னரே கைக்கு வரும். தனக்கென ஒரு கருத்தை எழுதி வைத்தவன் அறிஞரோடு வாதாடுவான். எழுதாதவன் அவரைப் படியெடுப்பான். நூற்பொருளைச் சுருக்கி வரைக என்று முதல் நாளே ஏவும் நம்மவர் இதனைச் சிந்திப்பாராக.

அதனை அப்படியே இறக்குமதி செய்யச் சொல்லவில்லை. நம் வகுப்புக்கு, கற்றல் என்பதையே பொருளாகக் கொள்வோம். பள்ளிக்கு வெளியே கற்ற ஒன்றை, பாய் முடைதலோ படகு வலித்தலோ சமையலோ, எவ்வாறு கற்றான் என மாணவன் முதல் தாளில் எழுதட்டும். அடுத்து, உ.வே.சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ நூலில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் அவர் பாடங்கேட்ட பகுதிகளை வாசித்து, ஆசிரியர் செய்தது எது, மாணாக்கர் செய்தது எது எனப் பிரித்து எழுதட்டும். மூன்றாவது தாளில் தன் முதல் தாளுக்கே திரும்பி, தான் சொல்லாமல் விட்டது என்ன என்று தேடட்டும். நான்காவதற்கு வகுப்புத் தோழர் நால்வரின் தாள்களே பாடநூல். ஐந்தாவதாக நன்னூற் பாயிரத்துக்கு வருவோம். ஆசிரியர் வாயிலாகக் காற்பங்கு, உடன் பயில்வோரால் காற்பங்கு, பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கு எனப் பவணந்தியார் கல்விக்குக் கணக்குச் சொல்கிறார். அக்கணக்கு இந்நான்கு தாள்களுக்கும் பொருந்துமா? பொருந்தாதெனில் எங்கே பிசகுகிறது? இதனை எழுதிய பின், முதல் தாளை முற்றிலும் புதிதாக எழுதுவது ஆறாவது வேலை.

ஆறு தாள்களே! ஒரு பருவத்துக்கு அதிகமா? எந்த வழிகாட்டி நூலிலும் இவற்றுக்கு விடை கிடையாது. கேட்டவுடன் கட்டுரை சமைத்துக் கொடுக்கும் இன்றைய கணினியும் அவன் முதல் தாளில் விட்டதையும் தோழன் எழுதியதையும் தானே அறியாது. அவற்றையும் அதற்கு ஊட்டி எழுத வைப்பான் என்பீராயின், அவ்வளவு பாடுபடுபவன் பாதியேனும் கற்றுவிடுவான்.

ஒற்றெழுத்தே சரியாக வராத பிள்ளைகளிடம் கொள்கையும் வாதமும் எதற்கு என்று சிலர் கேட்பர். பிட்ஸ்பர்க்கில் இப்பாடம் வகுக்கப்பட்டதே எழுத்தில் பின்தங்கியோர்க்குத்தான். நியூயார்க் சிட்டி கல்லூரி 1970இல் கதவை அகலத் திறந்தபோது உள்ளே வந்தவர்களின் தாள்களை ஆயிரக்கணக்கில் ஆராய்ந்த மீனா ஷானெஸி அம்மையார், அவர்தம் பிழைகளுக்குள்ளும் ஓர் ஒழுங்கு உண்டென்று 1977இல் நூலெழுதிக் காட்டினார். எழுத எழுதத்தான் பிழை நீங்கும். சொல்ல ஒன்றுமில்லாதவன் ஒற்றைத் திருத்தி என்ன காணப் போகிறான்?

அறுபது எழுபது பேரின் தாள்களை யார் திருத்துவது என்னும் முறையீட்டில் மட்டும் நியாயம் உண்டு. ஆயினும் எல்லாத் தாளிலும் எல்லாப் பிழையையும் சிவப்பு மையால் வளைக்க வேண்டும் என்று யார் விதித்தது? வாரந்தோறும் நான்கு தாள்களை எடுத்து வகுப்பே கூடி வாசித்தால், எஞ்சியோர் தம் தாளைத் தாமே திருத்தப் பழகுவர்.

நம் மதரஸாக்களையும் இங்கே விட்டுவிட முடியாது. அடுக்கிக் கற்பிக்கும் கலையை நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சர்பில் மீஸான் தொட்டு, நஹ்வில் காபியா ஏறி, அதற்கு ஜாமி எழுதிய விரிவுரை வரை வாசிப்புக்கு எத்துணை அழகிய ஏணி! எழுத்துக்கோ பல இடங்களில் ஒரு படியும் இல்லை. காபியாவின் சொற்றொடரை ஒன்பது விதமாகப் பிரித்துக் காட்டும் ஓதும் பிள்ளை, அரபியில் ஒரு கடிதம் எழுதச் சொன்னால் உஸ்தாதின் முகத்தைப் பார்க்கிறான். தமிழிலும் அதே கதை. இன்ஷா என்பது வாரத்தில் ஒரு மணி நேரத்து உபசாரமாய் இருக்கும்வரை அவன் அப்படித்தான் பார்ப்பான்.

கல்லூரிகளுக்கோ இதற்கென்று புதிய பணமோ புதிய கட்டடமோ வேண்டா. பல பல்கலைக்கழகங்களில் அகமதிப்பீட்டுக்கென 25 மதிப்பெண் முன்னமே ஒதுக்கப்பட்டிருக்கிறது. அது பெரும்பாலும் சிறு தேர்வுகளிலும், எங்கிருந்தோ பெயர்த்தெழுதிய ஒப்படைப்புகளிலும் கரைகிறது. அதில் 15 மதிப்பெண்ணை இந்த ஆறு தாள்களின் கட்டுக்கு வழங்கவொட்டாமல் பாடத்திட்டக் குழுவினரின் கையைப் பிடித்திருப்பவர் யார்?