பசுமைச் சான்று பெற்ற வீடு



சென்னைப் புறநகரிலிருந்து சகோதரி ஒருவர் எழுதியுள்ளார். கணவர் வளைகுடாவில் பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த பணத்தில் அடுக்குமாடி வீடு ஒன்று வாங்க எண்ணுகிறார்கள். ‘பசுமைச் சான்று’ உள்ள கட்டிடமாம். விலையும் சில இலட்சங்கள் கூடுதலாம். மாமியாருக்கு இளைப்பு நோய் இருப்பதால், நல்ல காற்று கிடைக்குமெனில் கடன்பட்டேனும் வாங்கலாமா என்று கேட்கிறார்.

அச்சான்று எதை அளக்கிறது என்பதை முதலில் அறிய வேண்டும். அமெரிக்காவின் ‘லீட்’, நம் நாட்டின் ‘கிரிஹா’ ஆகியவை மதிப்பெண் முறைகள். மனையின் இருப்பிடம், நீர், மின்சாரம், கட்டுமானப் பொருள்கள், உட்புறச் சூழல் என்று தனித்தனியே மதிப்பெண் இட்டுக் கூட்டுகிறார்கள். உட்புறச் சூழலில் கட்டாய நிபந்தனைகளை மட்டும் நிறைவேற்றிவிட்டு, நீரிலும் மின்சாரத்திலும் நிறையப் பெற்ற கட்டிடமும் சான்று பெறலாம். அது பொய்ச் சான்று அன்று. மின் கட்டணத்திற்கு நல்லதே. ஆனால் உங்கள் மாமியாரின் மூச்சுக்கு அது பொறுப்பேற்பதில்லை.

இது என் ஊகமன்று. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வு மையம், கட்டிடங்களில் பணிபுரிவோரிடமே வினாத்தாள் கொடுத்துக் கருத்துக் கேட்டு வருகிறது. அவ்விடைகளில் 144 கட்டிடங்களைச் சேர்ந்த 21,477 பேருடையவற்றை ஆராய்ந்து 2013-இல் ஒரு கட்டுரை வெளியாயிற்று. அவற்றுள் 65 கட்டிடங்கள் லீட் சான்று பெற்றவை. சான்று பெற்ற கட்டிடத்தில் இருப்போரின் மனநிறைவுக்கும் மற்றவர்களின் மனநிறைவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடே இல்லை! காற்றில் சற்றே கூடுதல் நிறைவு. வெளிச்சத்தில் சற்றே குறைவு. அவ்வளவுதான்.

பெரும் மனக்குறை இரைச்சலைப் பற்றியது. வெளிச்சமும் காற்றும் பரவத் தடுப்புகளைத் தாழ்த்தினால், அடுத்தவர் பேச்சும் கூடவே வந்துவிடுகிறது. லீட் முறையின் தொடக்க காலப் பதிப்புகளில் அலுவலகங்களின் ஒலிக்கென மதிப்பெண்ணே வைக்கப்படவில்லை.

இவை அலுவலகங்களில் கண்டவை. வீட்டுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்லமாட்டேன். நன்கு கட்டப்பட்டவையும் உள. 2003-இல் லீட்டின் உச்சமான பிளாட்டினம் தரம் பெற்ற ஐதராபாத் பசுமை வணிக மையத்தில், வெயிலைத் தணிக்கும் ஜாலிச் சுவர்களும் காற்றுக் கோபுரங்களும் அமைத்துள்ளனர். மறுஆண்டு அதைத் திறந்து வைத்தவர் நம் அப்துல் கலாம் அவர்களே.

சகோதரி, கட்டுநரிடம் மதிப்பெண் பட்டியலைக் கேளுங்கள். உட்புறச் சூழலில் எவ்வளவு பெற்றார் என்று பாருங்கள். கட்டி முடிக்குமுன் வரைபடத்தைக் கொண்டு வழங்கும் முன்சான்றும் உண்டு. உங்களுக்குக் காட்டியது எது? நண்பகலில் ஒருமுறை மாமியாரையும் அழைத்துச் சென்று, குளிர்சாதனத்தை நிறுத்தி, சன்னல்களைத் திறந்து அரைமணி நேரம் அமருங்கள். சுவரில் ஈரக்கசிவு உண்டா, சாலைப் புகை உள்ளே வருகிறதா, சமையற்கட்டின் புகை வெளியேற வழியுண்டா என்று பாருங்கள். புதுச் சாய நெடி அடித்தால், அது அடங்கிய பின்னர் மீண்டும் போய் வாருங்கள். அக்கட்டிடத்தில் ஏற்கெனவே குடியேறியவர் எவரேனும் இருப்பின், அவர் வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்கத் தயங்காதீர்கள்.