ஷீல்டா, ஆர்மரா?

விடுமுறைக்குக் கட்டபெட்டு வரும் பேரன் ஆடுவது ஈவ் ஆன்லைன். ஐஸ்லாந்துக்காரர்கள் 2003இல் தொடங்கிய விண்கப்பல் விளையாட்டு. அதில் வெடித்த கப்பல் திரும்பி வராது. மாதக்கணக்கில் சேர்த்தது ஒரு நிமிடத்தில் போய்விடும். ஆகவே தற்காப்பை யோசித்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஷீல்டு தானாகவே மெல்ல நிரம்பும். ஆனால் அதைக் கூட்டக் கூட்ட, எதிரியின் குறிக்குக் கப்பல் பெரிதாகத் தெரியும். ஆர்மர் தகடு அடி தாங்கும். எடை ஏறி வேகம் குறையும். இரண்டிலும் பாதிப் பாதி போடுகிறவர்கள் உண்டு. அது கூடாது என்பது என் கருத்து. ஷீல்டுக்குப் போட்ட கருவி ஆர்மரைக் காக்காது. ஸ்லாட்டுகளோ எண்ணி வைத்தவை. ஒரு தொகையை இரண்டு வேலைக்குப் பிரித்தால் இரண்டும் அரைகுறை என்பது சர்க்கார் குமாஸ்தாவுக்குத் தெரியாதா?

அடுத்த கேள்வி: அடியைத் தாங்குவதா, அவ்வப்போது பழுதுபார்ப்பதா? புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்த எனக்கு லாலி ஞாபகம் வருகிறார். கோட்டை இருந்தது, உள்ளே சாப்பாடு தீர்ந்தது, எதிர்பார்த்த கப்பற்படை வரவில்லை. 1761 ஜனவரியில் சரணடைந்தார்.

கூட்டத்தோடு போகிறவன் தகடு போடட்டும். பழுதுபார்க்கக் கூட்டாளிகள் உண்டு. தனியாகப் போகிறவனுக்குப் பழுதுபார்க்கும் கருவியும், அது ஓட கெபாசிட்டரில் மின்சாரமும் வேண்டும். உதவிக்கு யார் வருவார்கள் என்பதை முதலில் பாருங்கள். தகட்டின் கனத்தைப் பிறகு பார்க்கலாம்.