லாரிக்குப் பரம்பரை கிடையாதா?

மதுரையிலிருந்து தேனி ரோட்டில் போனால் நாகமலை பாம்பு மாதிரி நெளிந்துகொண்டு கூடவே வரும். நாகமலை புதுக்கோட்டையைத் தாண்டி, ரோட்டோரம் ஒரு தகரக் கொட்டகை. போர்டு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலையானால் பத்துப் பேர் அங்கே கூடுகிறார்கள். கட்சிக்காக இல்லை, கோயில் திருவிழாவுக்காக இல்லை. ஒரு கிழட்டு லாரிக்காக!

1968-ல் பதிவான லேலண்ட் காமெட். ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு செங்கல் சூளைக்குப் பின்னால் கருவேல முள்ளுக்குள் கிடந்தது. கிலோ கணக்கில் விலை பேசி, வெட்டுவதற்கு கேஸ் கட்டரும் வந்து நின்றபோது ஒருவர் குறுக்கே போய் நின்றிருக்கிறார். அவருடைய அப்பா இதே மாதிரி ஒரு காமெட்டில் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஆண்டிபட்டி கணவாய் வழியாக மதுரைக்கு வாழைத்தார் கொண்டுவந்த டிரைவர்.

"அப்பா ஓட்டுன வண்டி இது இல்லண்ணே. ஆனா அதே மூஞ்சி. வெட்ட விட மனசு வரல" என்றார். இரும்புக் கடைக்காரர் சொன்ன விலைக்கே வாங்கிவிட்டார்.

வாங்கியது ஒருத்தர். ஓட வைத்தது பத்துப் பேர்.

பிஸ்டன் துருப்பிடித்து இறுகி, கிராங்க் அசையவே இல்லை. சிலிண்டருக்குள் டீசலை ஊற்றி மூன்று வாரம் ஊறப்போட்டு, தினமும் ஒரு அசைப்பு அசைத்துத்தான் விடுவித்திருக்கிறார்கள். கிடைக்காத புஷ்ஷை எல்லாம் லேத் பட்டறைக்காரர் கடைந்து கொடுத்தார். பழைய அம்பாசடர் வைத்திருக்கும் ஒரு ரிட்டயர்டு பேங்க் ஆபீஸர், சென்னை புதுப்பேட்டையில் நாள் முழுக்க அலைந்து மீட்டர் கண்ணாடி கொண்டுவந்தார். கிளட்ச் பிளேட்டுக்கும் கியர் பாக்ஸுக்கும் ஒரு பெரியவர் இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர். பஸ் டிப்போவில் முப்பது வருஷம் எண்ணெயோடு வாழ்ந்த கை. அவர் புத்தகம் பார்ப்பதில்லை, காதால் பார்க்கிறார். "நாலாவது சிலிண்டர்ல வால்வு இடிக்குது, கேக்கலையா உங்களுக்கு?" என்பார். யாருக்கும் கேட்காது. கழற்றிப் பார்த்தால் இடிக்கும்!

இதில் யாரும் யாரிடமும் கூலி வாங்குவதில்லை. இவர் ஃபியட்டுக்கு அவர் கார்புரேட்டர் தருகிறார். அவர் ஜீப்புக்கு இன்னொருவர் வெல்டிங் வைக்கிறார். புல்லட் வைத்திருக்கும் பையன் எல்லாருக்கும் டீ வாங்கி வருகிறான். யார் யாருக்கு எவ்வளவு பாக்கி என்று பேரேடு எழுதச் சொன்னால், பி.காம். படித்த எனக்கே பேலன்ஸ் ஷீட் டேலி ஆகாது.

எல்லாம் சரி. இன்ஜின் ஸ்டார்ட் ஆகிவிட்டது. அடுத்து? ரோட்டுக்கு வர வேண்டாமா? அங்கேதான் கதை நின்றுபோனது.

விசாரிக்கப் போன இடத்தில் சொன்ன பதில் இது: "காரா இருந்தா பண்ணலாம் சார். இது லாரியாச்சே..."

சொன்னவர் மீது தப்பில்லை. சட்டமே அப்படித்தான் இருக்கிறது. 2021 ஜூலை 15 அன்று மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்கென்று ஒரு விதி கொண்டுவந்தது. முதல் பதிவு ஆகி 50 வருஷம் தாண்டிய வண்டி, சேஸிஸும் பாடியும் இன்ஜினும் பெரிதாக மாறாமல் இருந்தால், 'விண்டேஜ்' என்று தனிப் பதிவு கிடைக்கும். நம்பர் பிளேட்டில் 'வி.ஏ.' என்று இரண்டு எழுத்து வரும். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும். மறுபதிவுக்கு 5,000. அந்த வண்டியை வைத்து வியாபாரம் பண்ணக் கூடாது. தினசரி ஓட்டக் கூடாது. கண்காட்சி, ராலி, தொழில்நுட்ப ஆராய்ச்சி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது, இவற்றுக்கு மட்டும்தான் ரோட்டுக்கு வரலாம்.

நல்ல விதிதான். அதற்கு முன்னால் நாடு முழுவதற்கும் இப்படி ஒரே விதி இருந்ததில்லை. மனசாரப் பாராட்டுவோம்.

ஆனால் யாருக்குப் பொருந்தும் இந்த விதி? சொந்த உபயோகத்துக்கான டூவீலருக்கும், டிரைவரைத் தவிர எட்டுப் பேருக்கு மேல் உட்காராத காருக்கும் மட்டும். லாரி? கிடையாது. பஸ்? கிடையாது.

அதாவது மகாராஜா ஏறிய ரோல்ஸ் ராய்ஸுக்குப் பரம்பரை உண்டு. ஜமீன்தார் வேட்டைக்குப் போன ஃபோர்டுக்குப் பரம்பரை உண்டு. வாழைத்தாரும் நெல்லும் சிமெண்ட்டும் சுமந்த லாரிக்கும், நம் அப்பன் பாட்டன் ஏறிய பஸ்ஸுக்கும் பரம்பரை கிடையாது! கார் கிழடானால் விண்டேஜ், லாரி கிழடானால் ஸ்கிராப். மனுஷனுக்குள் போட்டுவைத்த வர்ணாசிரமம் போதாது என்று வண்டிக்குள்ளேயும் கொண்டுவந்துவிட்டோம்.

லாரியை வைத்துக்கொள்ளாதே என்று யாரும் சொல்லவில்லை என்பீர்கள். வாஸ்தவம். வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது ரோட்டில் நாலு அடி வைக்க வேண்டுமானால், பாரம் ஏற்றிப் பிழைக்கிற லாரிக்கு என்னென்ன உண்டோ அத்தனையும் வேண்டும். வருஷா வருஷம் எஃப்.சி., பெர்மிட், வரி, இன்ஷூரன்ஸ். சம்பாதிக்கிற பிள்ளைக்கும், பென்ஷன்கூட இல்லாத தாத்தாவுக்கும் ஒரே வரி போடுகிற நியாயம் இது.

பஸ் கதை இன்னும் மோசம். 2023 ஏப்ரல் 1 முதல், 15 வருஷம் தாண்டிய அரசு வண்டிகளுக்குப் பதிவு ரத்து. அரசுப் போக்குவரத்துக் கழக பஸ்களும் அதில் அடக்கம். 15 வயதிலேயே உடைத்துப் போட்டுவிட்டால், அது 50 வயதை எப்படிப் பார்க்கும்?

இந்த அநியாயத்தை வேறு ஊர்க்காரர்கள் பொறுத்துக்கொள்ளலாம். மதுரைக்காரன் பொறுத்துக்கொள்ளலாமா? தென்னாட்டு மோட்டார் போக்குவரத்து வளர்ந்த ஊர் இது. திருக்குறுங்குடியில் பிறந்த டி.வி.சுந்தரம் அய்யங்கார் 1911-ல் தொழில் தொடங்கி, 1912-ல் பஸ் விட ஆரம்பித்தார். டி.வி.எஸ். என்ற மூன்று எழுத்துக்கு வேர் அந்த பஸ்ஸில் இருக்கிறது, காரில் இல்லை. இரண்டாம் உலக யுத்தத்தில் பெட்ரோல் ரேஷன் வந்தபோது, கரியை எரித்து அதில் வரும் வாயுவில் பஸ்ஸையும் லாரியையும் ஓட்டினார்கள். அந்த கேஸ் பிளாண்ட்டை டி.வி.எஸ்.ஸே தயாரித்தது. 1972-ல் பஸ்கள் அரசுடைமை ஆனபோது மதுரைக்குப் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் வந்தது. இந்த நூறு வருஷக் கதையில் ஹீரோ யார்? பஸ். வில்லனோடு சண்டை போட்டது யார்? லாரி. ஆனால் அவார்டு வாங்குவது மட்டும் கார்!

கோயம்புத்தூரிலும் இதே கதைதான். ஜி.டி.நாயுடு 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸை விட்டு ஆரம்பித்தவர். 2015-ல் அவர் பெயரில் அருமையான ஒரு மியூசியம் திறந்தார்கள். அதன் பெயர் கார் மியூசியம். அங்கே போகாதவர்கள் அவசியம் போய்ப் பாருங்கள். நான் அந்த மியூசியத்தைக் குறை சொல்லவில்லை. பஸ்ஸில் ஆரம்பித்த வாழ்க்கையையும் நாம் காரில்தான் ஞாபகம் வைத்துக்கொள்கிறோம் என்கிறேன், அவ்வளவுதான்.

காமர்ஸ் படித்தவன் புத்தி, கணக்கு இல்லாமல் தூங்காது. வருமான வரிக் கணக்கில் காருக்குத் தேய்மானம் வருஷத்துக்கு 15 சதவிகிதம். வாடகைக்கு ஓடும் லாரிக்கும் பஸ்ஸுக்கும் 30 சதவிகிதம். நியாயம்தான், இரண்டு மடங்கு உழைக்கிறதே! பத்து லட்ச ரூபாய் லாரி பத்து வருஷத்தில் கணக்குப் புத்தகத்தில் சுமார் 28,000 ரூபாய்க்கு வந்துவிடும். ஆனால் ஒரு விசேஷம். ஒவ்வொரு வருஷமும் மிச்சத்தில்தான் 30 சதவிகிதம் கழிப்பதால், எத்தனை வருஷம் கழித்தாலும் ஜீரோ வராது. ஏதோ கொஞ்சம் மிச்சம் இருந்துகொண்டே இருக்கும். வரி ஆபீஸ் கணக்குக்குக்கூட தெரிகிறது, உழைத்த வண்டி ஒருநாளும் பூஜ்யம் ஆகாது என்று. போக்குவரத்து விதிக்குத் தெரியவில்லை.

'புகை கக்குமே, விபத்து ஆகுமே' என்று ஒரு கோஷ்டி கிளம்பும். தினமும் பாரம் ஏற்றிக்கொண்டு கரும்புகை விடுகிற கிழட்டு லாரியை நிறுத்துங்கள், நானும் கூட நின்று கை தட்டுகிறேன். நான் கேட்பது அந்த லாரிக்கு இல்லை. பாரம் கிடையாது, டிக்கெட் கிடையாது, வருஷத்தில் நாலைந்து நாள் பகலில் மட்டும் ஓட்டம், அதற்கு முன் பிரேக் சோதனை. இவ்வளவு கட்டுப்பாடும் போடுங்கள், இன்னும் இரண்டு கூட்டிப் போடுங்கள். ரோல்ஸ் ராய்ஸ் புகை சாம்பிராணி, லாரி புகை மட்டும்தான் விஷமா?

'ஒரிஜினல் பாடி இருக்கணுமே' என்பார்கள் அடுத்து. அங்கேதான் விதி எழுதியவருக்கு லாரி என்றால் என்ன என்று தெரியவில்லை. அந்தக் காலத்து லாரி, ஃபாக்டரியிலிருந்து மொட்டை சேஸிஸாகத்தான் வரும். டிரைவர் ஒரு பலகையில் உட்கார்ந்து, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, வெயிலிலும் மழையிலும் ஓட்டிக்கொண்டு வருவார். கேபினும் பின்தொட்டியும் உள்ளூர்ப் பட்டறையில் மரமும் தகரமும் வைத்துக் கட்டியவை. லாரியின் ஒரிஜினல் என்பது எண்ணூர் ஃபாக்டரி பாதி, நம்மூர் ஆசாரி பாதி. மரம் உளுத்தால் மாற்றித்தான் ஆக வேண்டும். சேஸிஸும் இன்ஜினும் பழையதா என்று பாருங்கள். பாடியைப் பழைய முறையில் கட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். அதுதான் லாரிக்கு ஏற்ற விதி.

வெளிநாட்டில் இப்படியா இருக்கிறார்கள்? இங்கிலாந்தில் 1962-லிருந்து பழைய லாரிகளும் பஸ்களும் லண்டனிலிருந்து பிரைட்டனுக்கு ஊர்வலம் போகின்றன. ஜனங்கள் ரோட்டோரம் நாற்காலி போட்டுப் பார்க்கிறார்கள். நம் காமெட்டுக்குத் தாய்வீடான லேலண்ட் என்ற ஊரிலேயே லாரிக்கும் பஸ்ஸுக்கும் தனி மியூசியம் இருக்கிறது. பெற்றவள் வீட்டில் பூஜை நடக்கிறது, புகுந்த வீட்டில் கேஸ் கட்டர்!

அவ்வளவு தூரம்கூட வேண்டாம். நம் ரயில்வேயைப் பாருங்கள். 1855-ல் செய்த இ.ஐ.ஆர். 21 என்ற நீராவி இன்ஜின் நூறு வருஷத்துக்கும் மேல் வெறும் காட்சிப் பொருளாக நின்றது. பெரம்பூர் பணிமனைத் தொழிலாளர்கள் 2010-ல் அதற்கு மறுபடி உயிர் கொடுத்து ஓட விட்டார்கள். அரசாங்கத் தொழிலாளிகள்தான் செய்தார்கள். டிப்போ தொழிலாளியால் முடியாதா?

வண்டிப் பிரியர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். உங்களிலும் பாதிப் பேருக்கு பளபளப்பில்தான் கண். குரோமியம் பம்பர், வெள்ளைப் பட்டை டயர், பக்கத்தில் நின்று ஒரு போட்டோ. 'அது பணக்காரன் விளையாட்டு' என்று ஊர் சொல்வதற்கு அதுதான் காரணம். நாகமலை புதுக்கோட்டைக் கொட்டகையில் நான் பார்த்தது பணக்காரன் விளையாட்டு இல்லை. சைலன்சருக்குக் காசு சேர வேண்டும் என்று இரண்டு மாசம் வேலையை நிறுத்தி வைத்தவர்கள் அவர்கள். ஆனால் அவர்களும் ஒன்றைச் செய்யவில்லை. அந்தப் பெரியவர் காதால் கேட்பதை யாரும் எழுதி வைக்கவில்லை, வீடியோ எடுத்தும் வைக்கவில்லை. சைலன்சர் தேடினால் புதுப்பேட்டையில் கிடைக்கும். அந்தக் காது எந்தப் பழைய இரும்புக் கடையில் கிடைக்கும்?

அதனால் கேட்பதைப் பட்டியலாகவே கேட்டுவிடுகிறேன். ஒன்று, 2021 விதியில் லாரியையும் பஸ்ஸையும் சேருங்கள். 'பாரமும் பயணியும் ஏற்றக் கூடாது' என்று ஒரு வரி போட்டால் போதும். இரண்டு, உடைக்கப் போகிற அரசு பஸ்களில் மாடலுக்கு ஒன்று எடுத்து ஒவ்வொரு போக்குவரத்துக் கழகமும் டிப்போவில் நிறுத்தட்டும். அதற்கு இடைஞ்சலான விதியில் ஒரு விலக்குக் கொடுங்கள். மூன்று, ரிட்டயர்டு ஆன மெக்கானிக்குகளைக் கூப்பிட்டு, ஐ.டி.ஐ. மாணவர்களோடு உட்கார வைத்து அந்த பஸ்ஸைக் கழற்றி மாட்டச் சொல்லுங்கள். புது மியூசியம், கட்டடம், திறப்பு விழா, ரிப்பன், எதுவும் கேட்கவில்லை.

போன ஆயுத பூஜைக்கு நானும் கொட்டகைக்குப் போயிருந்தேன். லாரிக்குச் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று, மாலை. டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம். டிரைவர் மகன் ஏறி உட்கார்ந்தார். பெரியவர் கையைக் காட்டினார். ஒரு உறுமல்... கொட்டகைத் தகரமே அதிர்ந்தது. லாரி பழத்தை நசுக்கிக்கொண்டு கிளம்பி, கேட் வரைக்கும் வந்தது. நின்றது. அப்படியே பின்னால் போய்த் தன் இடத்தில் நின்றுகொண்டது.

இருபது அடி. நடந்து அளந்து பார்த்தேன். அவ்வளவுதான் அதற்கு அனுமதி.

அப்பாவின் தேனி ரோடு கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.