தேனை ஊற்றுவதா, நிறுப்பதா?

தீபாவளி லேகியக் குறிப்பில் '200 கிராம் தேன்' என்று போட்டிருக்கும். வீட்டில் இருப்பதோ மில்லி கோடு போட்ட டம்ளர். 200 கோடு வரை ஊற்றிவிட்டு, "இப்படித் தளர்ந்துபோச்சே!" என்று கையைப் பிசையும் சகோதரிகள் உண்டு. கைப்பக்குவத்தில் குறை ஒன்றுமில்லை. 200 மில்லி தேனின் எடை 280 கிராம்!

தண்ணீருக்குத்தான் மில்லியும் கிராமும் ஒன்று. நல்ல தேனில் நீர் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இராது. மீதி பெரும்பாலும் சர்க்கரையே. அதனால் கனம் அதிகம். மில்லியை 1.4-ஆல் பெருக்குங்கள், கிராம் கிடைக்கும், கிராமை 1.4-ஆல் வகுத்தால் மில்லி. 200 கிராமுக்கு சுமார் 143 மில்லி போதும். 5 மில்லி டீஸ்பூனில் 7 கிராம், 15 மில்லி மேஜைக் கரண்டியில் 21 கிராம், 240 மில்லி கப்பில் ஏறக்குறைய 340 கிராம். கரண்டியில் முதலில் துளி நெய் தடவிக்கொண்டால் தேன் ஒட்டாமல் வழுக்கி விழும்.

பழைய நோட்டுப் புத்தகங்களில் 'அவுன்ஸ்' என்றிருந்தால் கொஞ்சம் நிதானியுங்கள். எடை அவுன்ஸ் 28 கிராம். மருந்து கிளாஸில் அளக்கும் அவுன்ஸானால், தேன் 40 கிராம் வந்துவிடும். ஆழாக்குக் கணக்கு ஊருக்கு ஊர் வேறு. அதைப் பாட்டியிடமே கேட்டுக்கொள்ளுங்கள்!

கடையிலும் இது உதவும். அரைக் கிலோ பாட்டிலில் இருப்பது 350 மில்லி சொச்சம்தான். 500 மில்லி பாட்டில் என்றால் 700 கிராம். விலையை ஒப்பிடும்முன் லேபிளைப் பாருங்கள்.

வெல்லப் பாகுக்கு இப்படி ஒரே கணக்குச் சொல்ல முடியாது. காயக் காய கனம் ஏறும். வெல்லத்தைக் கரைக்கும் முன்பே நிறுத்துவிடுவது உத்தமம்.

சர்க்கரை நோய் உள்ள பெரியவர்களுக்கு, "தேன்தானே, ஒரு ஸ்பூன் விடலாம்" என்று தாராளமாக ஊற்றுகிறோமே? அந்த 7 கிராமில் ஐந்தரை கிராமுக்குமேல் சர்க்கரைதான். ஒரு டீஸ்பூன் சீனிக்கு அது எள்ளளவும் குறைந்ததல்ல.

ஒரு வயது நிறையாத குழந்தைக்கோ அளவே கிடையாது. சேனை வைக்கக்கூடத் தேன் வேண்டாம். அதில் 'கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம்' என்ற கிருமியின் வித்துகள் இருக்கக்கூடும். பச்சைக் குழந்தையின் குடலில் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கி, தசைகளைத் தளரச் செய்துவிடும். மூச்சு விடுவதுகூடச் சிரமமாகும். வீட்டு அடுப்பில் காய்ச்சினாலும் அந்த வித்துகள் சாவதில்லை.