ரூபாய் என்றால் எல்லாம் ஒரே ரூபாயா?

சகோதரிகளே, வெளியூர்ப் பிரயாணம் என்றால் நாம் எதையும் மறப்பதில்லை. புளிக்காய்ச்சல், தைலம், ஊசி நூல்கூடப் பெட்டியில் ஏறிவிடும். பணக் கணக்கை மட்டும், “அவர் பார்த்துக்கொள்வார்” என்று விட்டுவிடுவோம். சென்ற வருஷம் மொரீஷியஸ் தீவுக்குப் போய் வந்ததிலிருந்து அந்தப் பழக்கத்தை நான் விட்டுவிட்டேன். ஏன் தெரியுமா?

எங்கள் கோஷ்டியில் ஒரு மாமி வந்திருந்தார். பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். யாரையும் ஒரு காசு கேட்காமல், பென்ஷனில் மிச்சம் பிடித்து இரண்டு வருஷம் சேர்த்த பணம் அவருடையது. போர்ட் லூயி துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கடை. டோடோ பறவைப் பொம்மை, ஓலைப் பை, வனிலா, தேயிலை என்று கண்ணைப் பறித்தது. “எல்லாம் சேர்ந்து 6,000 ரூபாய்தானா!” என்று மகிழ்ந்து மாமி அட்டையை நீட்டினார். ராத்திரி பாங்கிலிருந்து போனில் செய்தி வந்தது. கணக்கில் குறைந்திருந்தது 12,000 ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே!

“ரூபாய்னுதானேம்மா போட்டிருந்தது?” என்றார் மாமி. பாவம், அவர் மேல் என்ன தப்பு?

அந்த நாட்டுக்கும் ரூபாய்தான் நாணயம். நம்மவர்கள் அங்கே கூலிகளாகப் போன காலத்தில் இந்திய ரூபாயும் கூடவே போய்ப் புழங்கியது. 1877-ல் தீவுக்கென்று தனி ரூபாய் வந்தபோது இரண்டும் சம மதிப்பு. இன்று அவர்கள் ரூபாய் ஒன்றுக்கு நம் ரூபாய் ஏறக்குறைய இரண்டு கொடுக்க வேண்டும். பெயர் ஒன்று, விலை வேறு.

நோட்டைப் பார்த்தாலும் மனசு ஏமாந்துதான் போகும். அதில் தமிழ் எழுத்து இருக்கிறது! 100 ரூபாய் நோட்டில் இருப்பவர் ரங்கநாதன் சீனிவாசன் என்ற தமிழ் வம்சாவளித் தலைவர். 1998-ல் புது நோட்டில் தமிழை ஓர் இடம் கீழே தள்ளி அச்சடித்துவிட்டார்கள். அங்குள்ள தமிழர்கள் கிளர்ந்தெழவே, அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று, தமிழைப் பழைய இடத்திலேயே வைத்து அச்சடிக்க வேண்டியதாயிற்று. பெருமையான சங்கதிதான். ஆனால் பெருமை வேறு, கணக்கு வேறு.

சரி, நாணயம் மாற்றுவது எப்படி? மாற்றும் இடத்துப் பலகையில் இரண்டு விலை இருக்கும். உங்கள் டாலரை அவர்கள் வாங்கும் விலை ஒன்று, விற்கும் விலை மற்றொன்று. நமக்குக் கிடைப்பது முதலாவதுதான். எனவே, “இந்த 100 டாலருக்குக் கழிவெல்லாம் போகக் கையில் எவ்வளவு தருவீர்கள்?” என்று கேட்டுவிட்டு நோட்டை நீட்டுங்கள். இரண்டு இடத்தில் விசாரிப்பது நல்லது. நான் அலுப்பில் ஹோட்டல் மேஜையிலேயே மாற்றினேன். மறுநாள் பாங்கு விலையைப் பார்த்ததும் வயிறு எரிந்தது. ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், மீந்ததைத் திருப்பி மாற்ற உதவும்.

அட்டையை உபயோகித்தால், “இந்திய ரூபாயில் எடுக்கட்டுமா, உள்ளூர் ரூபாயிலா?” என்று சில இயந்திரங்கள் கேட்கும். நம் ரூபாய் என்றதும் பாசம் பொங்க வேண்டாம்! அதை அமுக்கினால், மாற்று விலையை அவர்கள் பக்கமே நிர்ணயித்து லாபமும் சேர்த்துக்கொள்வார்கள். உள்ளூர் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். 2024 பிப்ரவரி 12 முதல் நம் யுபிஐ அங்கேயும் வந்திருக்கிறது. சௌகரியம்தான், ஆனால் எல்லாக் கடையிலும் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

பஸ்ஸுக்குச் சில்லறை வேண்டும். டாக்ஸியில் ஏறுமுன் கூலியைப் பேசி முடித்துவிட வேண்டும்.

இன்னொன்று. நவம்பர் முதல் மே வரை அது புயல் பிரதேசம். 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்தபோது போர்ட் லூயி தெருக்களில் கார்கள் மிதந்தன. பலமான எச்சரிக்கை வந்தால் கடைகளை மூடிவிடுவார்கள். மின்சாரம் நின்றால் அட்டை வெறும் அட்டைதான்! இரண்டு நாள் செலவுக்கு ரொக்கம் தனியே இருக்கட்டும். அதுவும் ஒரே பையில் வேண்டாம். பாதி அவரிடம், பாதி உங்களிடம். அவர் பர்ஸ் தொலைந்தால் இரண்டு பேரும் நடுத்தெருவில் நிற்க வேண்டாம், பாருங்கள்!

மாமி அன்று ராத்திரியே ஒரு துண்டுக் காகிதத்தில் “1 என்றால் 2” என்று எழுதிப் பர்ஸுக்குள் வைத்துக்கொண்டார். அதன் பிறகு ஒரு பைசா தவறவில்லை. நாங்கள் கடன் தருகிறோம் என்றோம். “பழக்கமில்லை, அம்மா” என்று சிரித்தார். கடைசி நாள் படகுச் சவாரிக்கு மட்டும் அவர் வரவில்லை. இரண்டு வருஷமாக அதைத்தான் எண்ணிக்கொண்டிருந்தாராம். படகு நகர்ந்தபோது கரையில் உட்கார்ந்து எங்களுக்குக் கையசைத்தார்.

அந்தத் துண்டுக் காகிதத்தை நீங்கள் புறப்படுவதற்கு முன்பே எழுதிவிடுங்கள்.