மூலனூர் முருங்கையை எந்த ஆய்வகம் கொடுத்தது?

ஆராய்ச்சி பல்கலைக்கழகத்தில் நடக்கும், முடிவு ஊருக்கு வந்து சேரும், சொன்னபடி செய்வதே விவசாயியின் வேலை. படித்தவர்கள் மட்டுமல்ல, "நமக்கென்னுங்க தெரியும், ஆபீசர் சொன்னாச் சரிதானுங்க" என்று காட்டுக்காரர்களே நம்பிவிட்ட பேச்சு இது. இது பொய். திருப்பூர் மாவட்டத்து மூலனூரின் முருங்கைத் தோப்புகளே இதற்குச் சாட்சி.

மூலனூர் முருங்கை எந்த ஆராய்ச்சி நிலையமும் உருவாக்கி வெளியிட்ட ரகம் அல்ல. போத்து, அதாவது கிளைத்துண்டு, வெட்டி நட்டுப் பெருக்கும் மரமுருங்கை. போத்தில் தாய்மரத்தின் குணம் அப்படியே இறங்கும். ஆகவே எந்த மரத்தில் வெட்டுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. காய்ப்பைப் பார்த்து, சதையைப் பார்த்து, வறட்சியில் தாங்கியதைப் பார்த்து, தேறாததைக் கழித்துத் தலைமுறைகளாக விவசாயிகளே தேர்ந்தெடுத்து வந்திருக்கிறார்கள். இதற்கு மேல் ஆராய்ச்சி என்பது என்ன? எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

1989இல் பெரியகுளத்திலிருந்து வெளிவந்து நாடெங்கும் பரவிய பி.கே.எம்.1 செடிமுருங்கையை எடுத்துக்கொள்ளுங்கள். அதைத் தேர்ந்து நிலைப்படுத்திய விஞ்ஞானிகளின் உழைப்பு பெரியது. ஆனால் அவர்கள் தொடங்கியது தூத்துக்குடி மாவட்டத்து எப்போதும்வென்றானின் நாட்டு முருங்கையில். அந்த விதையை அதுவரை காப்பாற்றி வைத்திருந்தவர்கள் ஊர்க்காரர்கள்.

கொறங்காடு என்னும் மேய்ச்சல் காடும் அப்படித்தான். கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல் மரம் என்று மழை குறைந்த இந்த மண்ணில் காங்கேயம் மாட்டையும் மேச்சேரி ஆட்டையும் தாங்கும் மேய்ச்சல் நிலத்தை அமைத்தவர்கள் மேய்ப்பவர்களே. ஆய்வுக் கட்டுரைகள் பின்னால்தான் வந்தன.

கையில் செல்போன் வந்துவிட்டதால் ஆராய்ச்சியில் மக்கள் பங்கேற்பும் வந்துவிட்டது என்பது அந்தப் பழைய பொய்யின் புதிய வடிவம். 2018இல் வந்த உழவன் செயலி விலையும் மானியமும் வானிலையும் சொல்கிறது. நல்லது, வேண்டும். ஆனால் தகவல் பெறுகிறவர் பயனாளி. ஆராய்ச்சியில் பங்காளி ஆவது வேறு. அதற்கு எடுத்துக்காட்டு பறவைகள்: 2015 முதல் நடக்கும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் யார் வேண்டுமானாலும் எண்ணிப் பதியலாம். பொதுமக்கள் இப்படிப் பதிந்தவற்றைச் சரிபார்த்துத்தான் 2020, 2023 ஆண்டுகளின் இந்தியப் பறவைகள் நிலை அறிக்கைகள் எழுதப்பட்டன. பாமரர் கணக்கை நம்ப முடியுமா என்று கேட்பவர்கள் இந்தச் சரிபார்ப்பைப் பார்க்கட்டும். பறவைக்கு முடிந்தது முருங்கைக்கு ஏன் முடியாது?

தமிழக அரசின் 2023-24 வேளாண் நிதிநிலை அறிக்கை, புவிசார் குறியீடு பெற முயலும் பொருட்களில் மூலனூர் குட்டை முருங்கையையும் சேர்த்தது. குறியீடு ஊர்ப் பெயரைக் காக்கும். அது மட்டும் போதாது. பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம் 2001ஆம் ஆண்டிலேயே உழவரின் ரகங்களைப் பதிவு செய்யவும், புது ரகம் கண்ட உழவரை அதை உருவாக்கியவராக ஏற்கவும் வழி செய்துவிட்டது. அடுத்த முருங்கை ஆய்வில் எந்தக் குணத்தைத் தேடுவது, எந்தக் காட்டில் சோதிப்பது என்று முடிவெடுக்கும் மேசையில் மூலனூர் விவசாயிகளுக்கு நாற்காலி போடுங்கள். எல்லாம் முடிந்த பிறகு செயல்விளக்கம் பார்க்கக் கூப்பிடுவதைப் பங்கேற்பு என்று சொல்லாதீர்கள்.